"ஆக்சிஜன் தீர்ந்துபோனா என்ன பண்ணுவ?" டைவிங் போகாதவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

முதுகில் மாட்டிய சிலிண்டரிலிருந்து மூச்சுவிட்டபடி கடலுக்குள் போகும் ஸ்கூபா டைவிங் பழகிய ஒருவர் வீட்டிலோ அலுவலகத்திலோ அந்தப் பேச்சை எடுத்தால், எதிரில் இருப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே பத்துப் பதினைந்து கேள்விகள்தான். சில கேள்விகள் ஆர்வத்தில் வருபவை, பல கவலையில் வருபவை. இந்தப் பக்கம் இரு தரப்புக்கும் பயன்படும்: பதில் சொல்லத் திணறும் டைவருக்கும், கரையில் காத்திருக்கும் வீட்டாருக்கும். இதிலுள்ள எண்கள் பொழுதுபோக்கு டைவிங்குக்கு உரியவை. இதைப் படித்துவிட்டு யாரும் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. பயிற்சியாளரிடம் நேரில் கற்றுத்தான் ஆக வேண்டும்.

டைவிங் என்றதும் எல்லோரும் ஏன் "பயமா இல்லையா?" என்றே தொடங்குகிறார்கள்?

கேட்பவர் மனத்தில் ஓடும் படம் வேறு. தமிழில் இதற்கு வழங்கும் சொற்களே அந்தப் படத்தை வரைந்துவிடுகின்றன. செய்திகளில் "ஆழ்கடல் நீச்சல்" என்று எழுதுகிறார்கள். கடலியலில் ஆழ்கடல் என்பது ஏறத்தாழ 200 மீட்டருக்குக் கீழே தொடங்குகிறது. முதல்நிலைச் சான்றிதழ் பெற்ற டைவர் போகக்கூடிய ஆழமோ 18 மீட்டர். மேற்படிப்பு முடித்தால் 30, அதற்கும் மேல் சிறப்புப் பயிற்சி எடுத்தால் 40. பொழுதுபோக்கு டைவிங் அதோடு முடிந்துவிடுகிறது. "நீச்சல்" என்ற சொல்லும் பொருந்தாது. நன்றாகப் பழகிய டைவர் கைகளை அசைப்பதே இல்லை. நீரில் எடையற்று நின்று, காலில் மாட்டிய ஃபின்னை மெதுவாகத் தள்ளி நகர்கிறார்.

"ஆக்சிஜன் சிலிண்டர்" என்ற சொல் ஆஸ்பத்திரிப் படுக்கையை நினைவூட்டுகிறது. முத்துக்குளிப்பவர்கள் மூச்சடக்கி மூழ்கிய நினைவும் மொழியில் ஊறிக் கிடக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் பயம் வராமல் எப்படி இருக்கும்?

பயம் நியாயமானதுதான். மனிதர் மூச்சுவிட முடியாத இடத்துக்குப் போகும்போது கூட இருப்பவர்கள் கவலைப்படத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கவலை சுறாவின் மேலும் இருட்டின் மேலும் போய் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் காற்றளவு காட்டும் முள், மேலேறும் வேகம், காது, இதயம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று மழுப்பினால் கவலை இருந்த இடத்திலேயே இருக்கும். உண்மையான ஆபத்து எது, அதற்கு என்ன ஏற்பாடு என்று எண்ணோடு சொன்னால் கேட்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

அந்த சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன்தானே?

இல்லை. நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று: 21 சதவீதம் ஆக்சிஜன், மீதி ஏறக்குறைய முழுவதும் நைட்ரஜன். ஈரத்தையும் தூசியையும் எண்ணெயையும் வடிகட்டி, 200 பார் அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள்.

தூய ஆக்சிஜனை வைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போவது உயிருக்கே ஆபத்து. அழுத்தத்தை அளக்கும் அலகு பார். நீர்ப்பரப்பில் காற்றின் அழுத்தம் 1 பார், கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் 1 பார் கூடும். தூய ஆக்சிஜனோடு 6 மீட்டர் இறங்கினாலே அதன் அழுத்தம் 1.6 பார் ஆகிவிடுகிறது. அதைத் தாண்டினால் முன்னறிவிப்பு இல்லாமல் வலிப்பு வரலாம். நீருக்குள் வலிப்பு வந்தால், சிலிண்டர் காற்றைத் தருவதற்காக வாயில் இருக்கும் ரெகுலேட்டர் நழுவிவிடும். "நைட்ராக்ஸ்" என்று ஆக்சிஜனைக் கொஞ்சம் கூட்டிய கலவையும் உண்டு. வழக்கமானது 32 சதவீதம். அதைக் கொண்டு அதிக நேரம் இருக்கலாம், அதிக ஆழம் போக முடியாது: பாதுகாப்புக்காக ஆக்சிஜனின் அழுத்தத்தை 1.4 பாருக்குள் நிறுத்துவதால் அதன் எல்லை சுமார் 33 மீட்டர். சாதாரணக் காற்றை விட நைட்ராக்ஸில் ஆழத்தின் எல்லை குறைவு என்றால் கேட்பவர்கள் நம்பத் தயங்குவார்கள். மேலே சொன்ன கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

சரி, அந்தக் காற்று தீர்ந்துபோனால்?

எல்லாக் கேள்விகளிலும் இதுதான் முக்கியமானது. அம்மா "ஆக்சிஜன் தீர்ந்துபோனா என்னடா பண்ணுவ?" என்று கேட்டால், "அது ஆக்சிஜன் இல்லம்மா, காத்து" என்று திருத்துவதோடு நிறுத்திக்கொள்ளும் டைவர்கள் நிறையப் பேர். அம்மாவுக்குத் தேவை வேதியியல் அல்ல. கேள்விக்கு நேரான பதில் கொடுங்கள்.

காற்று சட்டென்று தீர்வதில்லை. மெல்லக் குறைகிறது, குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். அதில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2200 லிட்டர் காற்று. நீர்ப்பரப்பில் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வையுங்கள். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், அதனால் 40 லிட்டர் செலவாகும். 20 மீட்டரில் 3 பார், 60 லிட்டர். 50 பாரைத் தொடாமல் கையிருப்பாக ஒதுக்கினால் செலவுக்கு இருப்பது 1650 லிட்டர். 10 மீட்டரில் 41 நிமிடம் வரும், 20 மீட்டரில் 27 நிமிடம்தான். அதே சிலிண்டர், அதே ஆள், ஆழம் மட்டும் வேறு. பதற்றத்தில் மூச்சு வேகமானால் இதிலும் பாதியாகலாம்.

இடது பக்கம் தொங்கும் குழாயின் நுனியில் உள்ளங்கை அளவில், மீதிக் காற்றைக் காட்டும் ஒரு கேஜ் இருக்கும். அதன் முகப்பில் 50 பாருக்குக் கீழே சிவப்பு. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அதை எடுத்துப் பார்ப்பதும், விரல்களால் எண்ணைக் காட்டிக் கூட வருபவருக்குச் சொல்வதும் முதல் வகுப்பிலேயே பழக்கப்படுத்தப்படும். பலர் கையாளும் ஏற்பாடு இது: 100 பாரில் திரும்புவது, 70 பாரில் மேலேறத் தொடங்குவது, 50 பாரோடு நீர்ப்பரப்பைத் தொடுவது.

அதையும் மீறித் தீர்ந்துபோனால் கூட வருபவர் இருக்கிறார். டைவர்கள் அவரை "பட்டி" என்பார்கள். ஒவ்வொரு டைவரிடமும் வாயில் வைப்பது ஒன்று, உபரியாக ஒன்று என இரண்டு வாய்ப்பகுதிகள் இருக்கும். உபரியானது பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் நெஞ்சருகே மாட்டியிருக்கும். அதை "ஆக்டோபஸ்" என்பார்கள். காற்று இல்லாதவர் கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவதுபோலக் காட்டுவார். மற்றவர் ஆக்டோபஸைக் கொடுப்பார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு மேலே வருவார்கள்.

ஒரே சிலிண்டர் இருவருக்கும் போதுமா என்ற சந்தேகம் வரும். கணக்குப் போடலாம். 20 மீட்டரிலிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற 2 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். பதற்றத்தில் ஆளுக்கு 25 லிட்டர் என்று வைத்தால் அந்த ஏற்றத்துக்கு ஏறத்தாழ 220 லிட்டர். உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற, வழியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பது வழக்கம். அதற்கு இன்னும் 225 லிட்டர். மொத்தம் 445 லிட்டர், அதாவது சிலிண்டரில் சுமார் 40 பார். கையிருப்பு 50 பார் என்று ஏன் வைத்தார்கள் என்பது இப்போது புரியும். உண்மையிலேயே நெருக்கடி என்றால் அந்த 3 நிமிட நிறுத்தத்தை விட்டுவிட்டு நேரே மேலே வரலாம்.

பட்டியும் எட்டாத தூரத்தில் இருந்தால், 9 மீட்டரோ அதற்குக் குறைவோ ஆன ஆழத்திலிருந்து, "ஆஆ" என்று தொடர்ந்து காற்றை வெளியே விட்டபடி தானாகவே மேலே வரும் பயிற்சியும் உண்டு. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் டைவிங் மரணங்களில் நிலைமை கைமீறத் தொடங்கிய இடத்தைத் தேடிப் பார்த்தால், காற்றுக் குறைவு முன்னணியில் நிற்கிறது. கேஜைப் பார்க்காததும், பட்டியை விட்டு விலகியதும் அதன் பின்னணியில் இருக்கும். ஆகவே அம்மா கேட்டது சரியான கேள்விதான்.

ரெகுலேட்டர் திடீரென்று பழுதாகி நின்றுவிட்டால்?

காற்று அடைபட்டு நிற்பது மிக அரிது. ரெகுலேட்டர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. சிலிண்டர் வால்வில் மாட்டும் முதல் கட்டம், 200 பார் அழுத்தத்தை, வெளியே உள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் மட்டும் கூடுதலான அளவுக்குக் குறைக்கிறது. வாயில் வைக்கும் இரண்டாம் கட்டம் அதை, வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்கே கொண்டுவந்து, நாம் உள்ளிழுக்கும்போது மட்டும் தருகிறது. வால்வுகள் காற்று வரும் திசையிலேயே திறக்கும்படி அமைந்திருப்பதால், தேய்ந்து பழுதானால் மூடிக்கொள்வதில்லை, திறந்தபடி நின்றுவிடுகின்றன. காற்று நிற்காமல் கொட்டும். சத்தமும் குமிழியும் மிரள வைக்கும், ஆனால் உதட்டோரம் வழியவிட்டு அதிலிருந்தே சுவாசித்துக்கொண்டு மேலே வர முடியும். இதற்கும் பயிற்சி தருகிறார்கள்.

வாயிலிருந்து நழுவினாலும் பெரிய விஷயமில்லை. குழாய் வலது தோளுக்கு மேலாக வருகிறது. உடலை வலப்பக்கம் சாய்த்து, வலது கையைத் தொடையோரமாகப் பின்னால் கொண்டுபோய் அகல வளைத்து முன்னால் கொண்டுவந்தால் குழாய் கையில் மாட்டும். அதுவரை சிறு குமிழிகளாக மூச்சை விட்டுக்கொண்டிருக்க வேண்டும். வாயில் வைத்ததும் ஒருமுறை ஊதினாலோ, முகப்பில் உள்ள பொத்தானை அழுத்தினாலோ உள்ளே இருந்த நீர் வெளியேறிவிடும்.

எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவீர்கள்?

ஒரு நொடிகூட இல்லை. மூச்சை அடக்கக் கூடாது என்பதே டைவிங்கின் முதல் விதி.

10 மீட்டரில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று நீர்ப்பரப்பை அடையும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். இடமில்லாததால் நுரையீரல் திசு கிழியும். குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளை வரை போகலாம். இதற்கு ஆழமும் தேவையில்லை: நுரையீரல் நிறைந்த நிலையில் 1 மீட்டருக்குச் சற்று மேலான ஏற்றமே போதும். நீச்சல் குளத்தில் முதல் பாடம் எடுக்கும்போதே பயிற்சியாளர் இதில் கறாராக இருப்பது அதனால்தான். முத்துக்குளிப்பவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது. மேலே இழுத்த காற்றையே கீழே கொண்டுபோகிறார், அது சுருங்கி, திரும்பும்போது பழைய அளவுக்கு வருகிறது. டைவரோ கீழே அழுத்தம் கூடிய காற்றை இழுக்கிறார். "நானும் மூச்சடக்கிப் பழகியிருக்கேன்" என்று தெம்பாகச் சொல்லும் நல்ல நீச்சல்காரருக்கு இந்த வேறுபாட்டைத்தான் முதலில் விளக்க வேண்டும். அவருக்குத்தான் பழைய பழக்கம் கைகொடுக்காமல் போகும்.

சுறா?

உலகம் முழுவதும் மனிதர் சீண்டாமலே சுறா கடித்து இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. கடிபடுபவர்களில் பெரும்பாலோர் நீர்ப்பரப்பில் அலைச்சறுக்கு ஆடுபவர்களும் நீந்துபவர்களும். குமிழி விட்டுக்கொண்டு சத்தமாக மூச்சுவிடும் டைவரைக் கண்டால் சுறாக்கள் பெரும்பாலும் விலகிப்போகின்றன. அதைப் பார்ப்பதற்காகவே பணம் கட்டிப் போய், பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். மீன்பிடியில் ஆண்டுதோறும் கொல்லப்படும் சுறாக்கள் ஏறத்தாழ 10 கோடி என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொன்னாலே போதும், மேலே வாதாடத் தேவையிருக்காது.

அப்படியானால் வீட்டார் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். சான்றிதழ் எத்தனை மீட்டருக்கு, நாளை திட்டம் எத்தனை மீட்டர்? பட்டி யார்? கடைசியாக டைவ் செய்தது எப்போது? ஆறு மாதம், ஓராண்டு இடைவெளி விழுந்திருந்தால் முதலில் குளத்திலோ ஆழம் குறைந்த இடத்திலோ ஒருமுறை பழகிக்கொண்டாயா? படகில் முதலுதவி ஆக்சிஜன் இருக்கிறதா? சளி, காதடைப்பு ஏதும் இருக்கிறதா? நாற்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால், இதயத்தைப் பரிசோதித்து எவ்வளவு நாளாயிற்று?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பது வருத்தம். டைவிங்கில் நேரும் மரணங்களில் இதயக் கோளாறு ஒரு பெரும் காரணம். நீரில் மூழ்கியதும் கைகால்களில் உள்ள இரத்தம் மார்புப் பக்கம் தள்ளப்படுகிறது, இதயத்தின் வேலை கூடுகிறது. அதோடு எதிர்நீரோட்டத்தில் உந்துவதும், கனமான சிலிண்டரோடு ஏணி ஏறுவதும் சேர்ந்துகொள்கின்றன. மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகும் ஒருவரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுச் சுறாவுக்காகக் கவலைப்படுவதில் பயனில்லை.

இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படாமல், தெளிவாகப் பதில் சொல்லும் டைவரை நம்பி அனுப்பலாம்.

காது வலிக்குமாமே?

அழுத்தத்தைச் சமன் செய்யாமல் இறங்கினால் வலிக்கும். சமன் செய்தால் வலிக்கவே கூடாது. செவிப்பறைக்குப் பின்னால் உள்ள காற்று, நீரின் அழுத்தத்தில் சுருங்குகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதினால் தொண்டையிலிருந்து காற்று போய் அதை நிரப்பும். கண்ணுக்கு மாட்டும் கண்ணாடி மாஸ்க் மூக்கையும் சேர்த்து மூடியிருப்பதற்கும், மூக்குப் பகுதி பிடிக்கும்படி மிருதுவாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

வலி வந்தபின் ஊதுவது தவறு. ஒவ்வொரு மீட்டருக்கும், வலி தொடங்கும் முன்பே செய்ய வேண்டும். முதல் 10 மீட்டர்தான் கடினம், ஏனென்றால் அழுத்தம் இரண்டு மடங்காவது அங்கேதான். காது திறக்கவில்லையென்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மீண்டும் முயல வேண்டும். பலமாக ஊதினால் உட்காது கெட்டுப்போகலாம். சளியோடு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது வழக்கமான தவறு: பாதியில் மருந்தின் வேகம் குறைந்தால் காற்று உள்ளே சிக்கி, மேலே வரும்போது வலிக்கும். சளி இருந்தால் அன்று டைவ் இல்லை என்று முடித்துக்கொள்வதே சரி.

எவ்வளவு ஆழம் போனாய்?

உரையாடலைத் தவறான பாதையில் கொண்டுபோகும் கேள்வி இது. டைவரும் ஒரு எண்ணைப் பெருமையோடு சொல்லிவிடுகிறார், கேட்பவரும் ஆழம்தான் திறமை என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மை வேறு. பவளப்பாறைகளில் வெளிச்சமும் நிறமும் உயிர்களும் மண்டிக் கிடப்பது மேலே உள்ள 15 மீட்டரில். ஆழம் போகப்போக சிவப்பு முதலில் மறைகிறது, பிறகு ஆரஞ்சு, மஞ்சள். 20 மீட்டரில் விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும்.

நேரமும் சுருங்குகிறது. பரவலாகப் பயன்படும் ஒரு அட்டவணையின்படி, மேலேறும் வழியில் நைட்ரஜனுக்காக நின்று நின்று வருவது கட்டாயமாகாமல் 18 மீட்டரில் 56 நிமிடம் இருக்கலாம், 30 மீட்டரில் 20 நிமிடம்தான். 30 மீட்டர் வாக்கில் நைட்ரஜன் மயக்கமும் தொடங்கும்: குடித்தவர்போல யோசனை மந்தமாகும், கேஜைப் பார்த்தும் எண் மனத்தில் பதியாது. சில மீட்டர் மேலே வந்தால் தெளிந்துவிடும்.

ஆழத்துக்குப் பதிலாக "எவ்வளவு நேரம் இருந்தாய், என்ன பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். டைவரின் பேச்சே மாறிவிடும்.

அப்படி என்னதான் இருக்கிறது அங்கே?

இந்தக் கேள்விக்கு டைவர்கள் பெரும்பாலும் இருநூறு நீலநிறப் படங்களைக் காட்டுகிறார்கள். ஐந்தாவது படத்திலேயே எதிரில் இருப்பவரின் கவனம் கலைந்துவிடும். மங்கலான நீலத்தில் ஒரு மீன், இன்னொரு மீன், யாரோ ஒருவரின் ஃபின். தவறு பார்ப்பவருடையது அல்ல. கீழே மூளை தானாகவே நிறத்தைச் சரிசெய்துகொண்டு பார்க்கிறது, கேமரா அப்படிச் செய்வதில்லை. விளக்கு இல்லாமல், ஒரு மீட்டருக்கும் அப்பாலிருந்து எடுத்த படம் நீலமாகத்தான் இருக்கும். மூன்று படம் போதும். விளக்கு வைத்து, அருகில் போய் எடுத்தவையாக இருக்கட்டும்.

படத்தைவிட, ஒரே ஒரு உயிரை எடுத்துச் சொல்வது நன்றாகப் பிடிபடும். மணலில் ஒரு சிறிய வளை. வாயிலில் விரல் நீளத்துக்கு ஒரு மீன் காவல் நிற்கிறது. உள்ளேயிருந்து ஓர் இறால், புல்டோசர்போல இரண்டு கைகளாலும் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுத் திரும்புகிறது. இறாலுக்குப் பார்வை மந்தம். அதனால் வெளியே வரும்போதெல்லாம் ஒரு உணர்கொம்பை மீனின் உடலில் தொட்டபடியே இருக்கிறது. நீங்கள் கொஞ்சம் நெருங்கினால் மீன் வாலைச் சிலிர்க்கும். அந்த அசைவு கொம்பின் வழியே தெரிந்து இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் மீனும் போய்விடும். அசையாமல் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தால், முதலில் மீனின் தலை, பிறகு இறாலின் கைகள், பிறகு மணல். வீட்டைக் கட்டுவது இறால், காவல் மீன். இதைச் சொன்னபின் "அங்கே என்ன இருக்கு?" என்று கேட்டவரே "அப்புறம்?" என்று கேட்பார்.

எனக்கு நீச்சல் தெரியாது. நான் முயன்று பார்க்கலாமா?

பயிற்சியாளர் கூடவே இருந்து கூட்டிப்போகும் அறிமுக டைவுக்கு நீச்சல் கட்டாயம் இல்லை. அதன் எல்லை 12 மீட்டர். சான்றிதழ் வேண்டுமென்றால் தேவை: நிற்காமல் 200 மீட்டர் நீச்சல், அல்லது மாஸ்க், ஃபின்ஸ், ஸ்நார்க்கலோடு (நீர்ப்பரப்பில் முகம் கவிழ்த்தபடி மூச்சுவிட உதவும் குழாய்) 300 மீட்டர், அதோடு பிடிமானமில்லாமல் 10 நிமிடம் மிதப்பது. வேகத்துக்கு மதிப்பெண் கிடையாது. குறைந்த வயது 10.

உடல்நலக் கேள்வித்தாளில் மறைக்காமல் எழுதுங்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், காது அல்லது நுரையீரல் அறுவை சிகிச்சை இருந்தால் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். கர்ப்பமாக இருந்தால் டைவிங் கூடாது.

கண்ணாடி அணிபவர்கள் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் வாங்கலாம்.

தண்ணீருக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள்?

கைச்சைகையால்தான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வட்டம் என்றால் "நலம்". கட்டைவிரலை உயர்த்தினால் "மேலே போவோம்", நன்றாயிருக்கிறது என்று பொருளல்ல. முதன்முதலில் இறங்குபவர்கள் ஆனந்தத்தில் கட்டைவிரலைக் காட்டுவார்கள், பயிற்சியாளர் டைவை முடித்து மேலே கூட்டிவந்துவிடுவார். கையை விரித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் "ஏதோ சரியில்லை". அதைக் காட்டிவிட்டு எது சரியில்லையோ அந்த இடத்தைச் சுட்ட வேண்டும், உதாரணமாகக் காது.

சிறுநீர் வந்தால்?

உடலோடு ஒட்டிய டைவிங் உடையான வெட்சூட்டிலேயே போய்விடுவார்கள். இரத்தம் மார்புப் பக்கம் கூடுவதால் உடல் நீரை வெளியேற்றச் சொல்கிறது, எல்லோருக்கும் வருவதுதான். அதற்குப் பயந்து காலையில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது தவறு. டைவ் முடிந்ததும் வெட்சூட்டை நன்னீரில் அலசினால் போயிற்று.

அன்று மாலையே விமானத்தில் கிளம்பி வர வேண்டியதுதானே?

வீட்டில் சண்டை வருவது இங்கே. குழந்தையின் பிறந்தநாள், உறவினர் வருகை என்று ஏதோ ஒன்று இருக்கும். "ரெண்டு மணி நேர ஃபிளைட்தானே" என்பார்கள். விமானத்தினுள் அழுத்தம் 2400 மீட்டர் மலைமேல் இருப்பதற்குச் சமமாகக்கூட இருக்கலாம். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களோ பல நாள்களோ என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கடைசி நாளை டைவ் இல்லாத நாளாக வைத்து டிக்கெட் எடுப்பதுதான் நிம்மதி. உயர்ந்த மலைச்சாலையில் காரில் ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை உண்டு.

கணவருக்கு (அல்லது மனைவிக்கு) டைவிங்கில் விருப்பமில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

சம்மதிக்க வைக்கக் கூடாது. பிறர் மனம் நோகக் கூடாதென்று இறங்குபவர், அசௌகரியத்தை வெளியே சொல்ல மாட்டார். காது வலியைப் பொறுத்துக்கொள்வார், மூச்சு வேகமாவதை மறைப்பார், ஒரு கட்டத்தில் தாங்காமல் நேரே மேலே பாய்வார். நுரையீரல் காயம் நேர்வது அப்படித்தான். நல்ல பயிற்சியாளர்கள் இப்படி வருபவரைத் தனியே அழைத்து, "உங்களுக்கே விருப்பம் இருக்கிறதா?" என்று கேட்பார்கள்.

ஆர்வம் தானாக வந்தால் படிகள் இவை. முதலில் இடுப்பளவு நீரில் மாஸ்க் மட்டும். பிறகு ஸ்நார்க்கல். பிறகு குளத்தில் ரெகுலேட்டர்: முழங்காலிட்டு, தலையை மட்டும் நீருக்குள் விட்டுப் பத்து மூச்சு. அடுத்தது பெரும்பாலோர் பயப்படும் இடம், மாஸ்கினுள் நீர். மூக்குக்குக் கீழே குளிர்ச்சியாகத் தேங்கும் அந்த நீரைக் கண்டதும் மூக்கால் இழுக்கத் தோன்றும். மாஸ்கின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்தி, மேலே பார்த்து, மூக்கால் மெதுவாக ஊதினால் அடிவிளிம்பு வழியே வெளியேறிவிடும். ஒரே மூச்சில் போகாவிட்டால் வாயால் இன்னொரு மூச்சை இழுத்து மீண்டும் ஊதலாம். இது கைவந்துவிட்டால் பயத்தில் பாதி குறையும். எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். சொந்தத் துணையே கற்றுக்கொடுக்க வேண்டாம், பயிற்சியாளரிடம் விடுங்கள்.

ஸ்நார்க்கலோடு நின்றுகொள்பவருக்கும் மேலே உள்ள சில மீட்டரின் அழகு முழுவதும் கிடைக்கிறது. அவரைக் குறைபட்டவராகப் பார்ப்பது டைவர்கள் செய்யும் தவறு.

நான் படகில் காத்திருக்கிறேன். என்ன கவனிக்கலாம்?

இறங்கிய நேரத்தையும், எத்தனை நிமிடத்தில் வருவார்கள் என்பதையும் எழுதி வையுங்கள். டைவர்கள் மேலே வரும் முன் 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பார்கள். குமிழிகள் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தால் அதுதான். பலர் அங்கிருந்தே நீளமான ஆரஞ்சு நிற மிதவையை ஊதி மேலே அனுப்புவார்கள், அது தெரிந்தால் கவலை வேண்டாம். வந்ததும் கையைத் தலைமேல் வைத்து வட்டமாகக் காட்டினால் "நலம்". கையை அகல வீசி ஆட்டினால் உதவி வேண்டும் என்று பொருள், கையை ஆட்டி வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்காதீர்கள். அதே காரணத்துக்காக டைவர்களும் படகைப் பார்த்துச் சும்மா கையாட்டக் கூடாது.

தலைசுற்றல் வருபவர் என்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். வந்தபின் போட்டால் பயனில்லை.

திரும்பி வந்தவரிடம் என்ன அறிகுறி தெரிந்தால் பதற வேண்டும்?

தோள், முழங்கை, முழங்காலில் இன்ன இடமென்று சொல்ல முடியாத ஆழமான வலி. கைகால் மரத்துப்போவது, ஊசி குத்துவதுபோல் இருப்பது. தோலில் பளிங்குபோல் ஊதாத் திட்டுகள். காரணமில்லாத களைப்பு, தள்ளாட்டம், சிறுநீர் கழிக்க முடியாமை. இவை பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் தெரியும், ஒரு நாள் கழித்தும் வரலாம். நைட்ரஜன் குமிழிகளால் வரும் இந்த நோயில் முதல் தடையே டைவர்தான்: "சிலிண்டர் தூக்கினதுல பிடிச்சிருக்கும்" என்று தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். விதிப்படி ஏறினேன், ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டு எச்சரிக்கும் டைவ் கம்ப்யூட்டர் எதுவும் சொல்லவில்லை என்பார். விதிப்படி செய்தவர்களுக்கும் வருவதுண்டு. கூட இருப்பவர்தான் விடாமல் நிற்க வேண்டும்.

மல்லாந்து படுக்க வைத்து, தூய ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். டைவர் முதுகில் இல்லாத அந்த ஆக்சிஜன் சிலிண்டர் படகில் இருக்க வேண்டியது இதற்காகத்தான். வலி குறைந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், மருத்துவர் பார்க்கும் வரை தொடருங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் குடிக்கலாம். மீண்டும் நீருக்குள் இறக்கிச் சரிசெய்யப் பார்க்கக் கூடாது. சிகிச்சை உயர் அழுத்த அறையில் நடக்கும். வழக்கமான முதல் அமர்வு 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி ஏறத்தாழ 5 மணி நேரம் நீளும்.

எல்லா மருத்துவமனையிலும் அந்த அறை இருக்காது. ஆகவே அவசரப் பிரிவில் நுழைந்ததும், வலியைச் சொல்வதற்கு முன்பே "டைவிங் போய் வந்தவர்" என்று சொல்லுங்கள். கடைசி டைவ் முடிந்த நேரம், ஆழம், எத்தனை டைவ்கள் என்பதையும் சொல்லுங்கள். அவருடைய டைவ் கம்ப்யூட்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடாமல் கையோடு கொண்டுபோங்கள், கேட்கும் எண்கள் அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும்.